கனவு காணும்போது உடம்பு ஏன் அசைவதில்லை?

இந்தக் கட்டுரையை எழுதலாமா வேண்டாமா என்று ஆறு மாதமாக யோசித்துக்கொண்டிருந்தேன். சொந்த வீட்டு விஷயம். கடைசியில் அப்பாவிடமே கேட்டுவிட்டேன். "நாலு பேருக்கு உபயோகப்படும்னா எழுது தம்பி, எனக்கென்ன" என்றார். அதனால் எழுதுகிறேன்.

போன வருஷம் பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அம்மாவின் இடது கண்ணுக்குக் கீழே கன்றிப் போயிருந்தது. கேட்டால், "கதவுல இடிச்சுக்கிட்டேன் கண்ணு" என்றாள். நானும் விட்டுவிட்டேன். மறுநாள் தங்கச்சி என்னைத் தனியாக மாடிக்குக் கூப்பிட்டு, "அண்ணா, அது கதவு இல்ல. அப்பா அடிச்சிருக்கார். இது மூணாவது தடவை" என்றாள்.

எனக்கு ஒன்றுமே ஓடவில்லை. அப்பா பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். கோபப்படுவார், சத்தம் போடுவார், ஆனால் கை நீட்டி நான் பார்த்ததே இல்லை. அன்றைக்கு ராத்திரி ஹாலில் படுத்திருந்தேன். விடிகாலை நாலு மணி இருக்கும். உள்ளேயிருந்து "ச்சீ, போ! போ!" என்று அப்பாவின் குரல். ஓடிப்போய் லைட்டைப் போட்டால், அப்பா கட்டிலில் மல்லாந்து படுத்துக்கொண்டு காற்றில் உதைத்துக்கொண்டிருக்கிறார். கண் இறுக்கமாக மூடியிருக்கிறது. அம்மா சுவரோடு சுவராக ஒண்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். தோளைத் தொட்டு எழுப்பினேன். சட்டென்று முழித்துக்கொண்டு, தெளிவாகச் சொன்னார்: "நாய் தம்பி. நாலஞ்சு நாய் சுத்திக்கிச்சு."

தான் அம்மாவை அடித்தது அவருக்குத் தெரியவே தெரியாது. அம்மா சொல்லவும் இல்லை. காத்து கருப்பாக இருக்கும் என்று மந்திரித்து ஒரு கயிறு மட்டும் கட்டிவிட்டிருந்தாள்.

அன்றிலிருந்து ஏழெட்டு மாதம் கனவைப் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். நான் டாக்டர் இல்லை, பிஇ படித்துவிட்டு சாஃப்ட்வேர் எழுதுகிறவன். படித்துப் புரிந்துகொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

எல்லோரும் கதையைத்தான் பார்த்தார்கள்

கனவைப் பற்றி மனிதன் ஆதிகாலம் தொட்டே யோசித்துக்கொண்டுதான் இருக்கிறான். ஆனால் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்டிருக்கிறான்: இந்தக் கனவுக்கு என்ன பலன்? கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் ஆர்ட்டெமிடோரஸ் என்ற கிரேக்கர் கனவுப் பலன்களைத் தொகுத்து ஐந்து பாகங்களில் ஒரு நூலே எழுதினார். நம்முடைய சிலப்பதிகாரத்தில் 'கனாத்திறம் உரைத்த காதை' என்று தனியாக ஒரு காதையே இருக்கிறது. பெரிய நகரம் ஒன்றுக்குள் கணவனோடு போவதாகவும், அவனுக்குத் தீங்கு நேர்வதாகவும் கண்ணகி கனவு காண்கிறாள். அது தேவந்தியிடம் சொல்கிற இடம். பின்னால் மதுரையில் நடக்கப்போவதைக் கனவு முன்கூட்டியே சொல்லிவிடுகிறது.

1900-ஆம் ஆண்டு என்று அச்சிட்டு வெளிவந்த ஃபிராய்டின் கனவுகள் பற்றிய புத்தகம் திசையை மாற்றியது. கனவு காட்டுவது எதிர்காலத்தை அல்ல, அடக்கி வைத்த ஆசைகளை என்றார் அவர். ஆனால் அவரும் கனவின் கதையைத்தான் பார்த்தார். கனவு காண்கிறவனின் உடம்பு அப்போது என்ன செய்கிறது என்பது பெரிய கேள்வியாக வரவில்லை. நாய்கள் தூக்கத்தில் குரைப்பதைக் கவனித்து, விலங்குகளும் கனவு காண்கின்றன போலும் என்று அரிஸ்டாட்டில் எழுதியிருக்கிறார். அந்த மாதிரி உடம்பைப் பார்த்து எழுதிய குறிப்புகள் குறைவு.

ஒரு பழைய மெஷினும் எட்டு வயதுப் பையனும்

1951-ஆம் வருஷக் கடைசி. சிகாகோ பல்கலைக்கழகம். யூஜின் அசெரின்ஸ்கி அங்கே ஆராய்ச்சி மாணவர். அவருடைய வழிகாட்டி நதானியேல் கிளைட்மன், தூக்கத்தை ஆராய்வதையே வாழ்க்கையாக வைத்துக்கொண்டவர். 1938-இல் கென்டக்கியில் உள்ள மம்மத் குகைக்குள், வெளிச்சமே படாமல், ஒரு மாணவரோடு 32 நாள் தங்கியிருந்து, உடம்பை 28 மணி நேர நாளுக்குப் பழக்க முடியுமா என்று பார்த்தவர்.

அசெரின்ஸ்கி கட்டடத்தில் சும்மா கிடந்த ஒரு பழைய மூளை அலை பதிவுக் கருவியைத் தூசி தட்டி எடுத்தார். தன் எட்டு வயது மகனின் தலையிலும் கண்ணோரத்திலும் ஒயர்களை ஒட்டித் தூங்க வைத்தார். நடுராத்திரியில், காகிதத்தின் மேல் ஓடிக்கொண்டிருந்த பேனாக்கள் திடீரென்று தாறுமாறாக ஆட ஆரம்பித்தன. பையன் முழித்துக்கொண்டான் என்று நினைத்துப் போய்ப் பார்த்தால், ஆழ்ந்து தூங்குகிறான். மூடிய இமைகளுக்குள் கண்கள் மட்டும் வேகவேகமாக அங்குமிங்கும் ஓடுகின்றன.

அவருக்கு முதலில் வந்த சந்தேகம், மெஷின் ரிப்பேர் என்பது. எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். எங்கள் தொழிலிலும் லாக்கில் விசித்திரமாக ஏதாவது வந்தால் முதலில் மானிட்டரிங் டூலைத்தான் திட்டுவோம்.

மெஷினில் கோளாறு இல்லை. பெரியவர்களையும் சோதித்தார்கள். கண்கள் ஓடும் நேரத்தில் எழுப்பிக் கேட்ட 27 தடவைகளில் 20 தடவை விரிவான கனவைச் சொன்னார்கள். கண்கள் அசையாத நேரத்தில் எழுப்பிய 23 தடவைகளில் 19 தடவை ஒன்றும் ஞாபகமில்லை என்றார்கள். 1953-இல் 'சயின்ஸ்' இதழில் இரண்டே பக்கத்தில் இது வெளியானது. பின்னால் இதற்கு 'வேகக் கண்ணசைவு உறக்கம்' என்று பெயர் வந்தது. ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'ரெம் உறக்கம்' என்பார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

நாம் தூங்க ஆரம்பித்து ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் கழித்து முதல் ரெம் வருகிறது. அது சின்னது. பிறகு சுமார் 90 நிமிடத்துக்கு ஒரு தரம் திரும்பத் திரும்ப வருகிறது. ஒவ்வொரு தடவையும் நீளம் கூடுகிறது. அதனால்தான் நீண்ட கனவுகள் விடியப்போகும் நேரத்தில் வருகின்றன. அப்பாவின் நாய்களும் நாலு மணிக்குத்தான் வரும்.

ஒரு எச்சரிக்கை: ரெம் என்றால் கனவு, கனவு என்றால் ரெம் என்று முடிச்சுப் போட்டுவிடக் கூடாது. மற்ற தூக்க நிலைகளிலும் கனவு உண்டு என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. ஆனால் நீளமான, காட்சி காட்சியாக விரிகிற கனவுகளின் வீடு ரெம்தான்.

லியோன் நகரத்துப் பூனைகள்

அடுத்த கேள்விதான் எனக்கு முக்கியம். கனவில் ஓடுகிறோம், சண்டை போடுகிறோம், மரத்திலிருந்து விழுகிறோம். உடம்பு ஏன் பாயிலேயே கிடக்கிறது?

இதற்கு விடை கண்டவர் பிரான்ஸின் லியோன் நகரத்து மிஷேல் ஜுவே. 1950-களின் கடைசியில் பூனைகளின் மூளை அலைகளையும் கழுத்துத் தசைகளின் மின்னோட்டத்தையும் சேர்த்துப் பதிவு செய்துகொண்டிருந்தார். பூனை ரெம்முக்குள் போனதும் மூளை அலைகள் முழித்திருக்கும் பூனையைப் போலவே பரபரப்பாக இருந்தன. தசைப் பதிவோ நேர்க்கோடாகப் படுத்துவிட்டது. மூளை முழிப்பு, உடம்பு சவம். இந்த முரணைப் பார்த்துத்தான் அவர் இதற்கு 'முரண் உறக்கம்' என்று பெயர் வைத்தார்.

அதாவது கனவின்போது மூளை "ஓடு" என்று கட்டளை அனுப்பத்தான் செய்கிறது. ஆனால் வழியில் ஒரு பூட்டு போடப்படுகிறது. பூட்டு இருக்கும் இடம் மூளைத்தண்டின் நடுப்பகுதியான பான்ஸ். அங்கே உள்ள ஒரு சின்ன நரம்புக் கூட்டம், கீழே முகுளம் வழியாகத் தண்டுவடத்துக்குச் சேதி அனுப்புகிறது. கிளைசின், காபா என்ற இரண்டு வேதிப்பொருள்கள் தசைகளை இயக்கும் நரம்பணுக்களை வாயடைக்க வைக்கின்றன. மூச்சு நிற்கக் கூடாது, அதனால் உதரவிதானத்துக்கு விலக்கு. கண்களை அசைக்கும் தசைகளுக்கும் விலக்கு. அசெரின்ஸ்கி பார்த்தது, பூட்டப்பட்ட வீட்டின் திறந்திருந்த அந்த ஒரு ஜன்னலைத்தான்.

சாஃப்ட்வேர்காரர்களுக்குச் சொல்வதானால், டெஸ்ட் சர்வரில் புரோகிராம் முழுவேகத்தில் ஓடுகிறது. புரொடக்‌ஷனுக்குப் போகும் ஒயரை மட்டும் பிடுங்கி வைத்திருக்கிறார்கள்.

1965-இல் ஜுவேயும் டெலோர்மும் பான்ஸில் அந்தக் குறிப்பிட்ட இடத்தைச் சேதப்படுத்திப் பார்த்தார்கள். பூனை வழக்கம்போலத் தூங்கியது. ரெம் வந்ததும் எழுந்து நின்றது. இல்லாத இரையைப் பதுங்கிப் பதுங்கித் தொடர்ந்தது. இல்லாத எதிரியைப் பார்த்துச் சீறியது, பாய்ந்தது. எதிரே நிஜமாக இருக்கும் பொருட்களைக் கண்டுகொள்ளவே இல்லை. பூனை தன் கனவை நம் கண்முன்னால் நடித்துக் காட்டிக்கொண்டிருந்தது.

அந்தப் பத்தியைப் படித்தபோது எனக்கு அப்பா காற்றில் உதைத்ததுதான் ஞாபகம் வந்தது.

அமுக்குவான் பேய்

கொஞ்சம் விலகி ஒரு விஷயம். சிலருக்கு ராத்திரி முழிப்பு வரும், கண் திறக்கும், ஆனால் கை காலை அசைக்க முடியாது. நெஞ்சின்மேல் யாரோ உட்கார்ந்து அழுத்துகிற மாதிரி இருக்கும். அறையில் யாரோ நிற்பதுபோலத் தோன்றும். நம் ஊரில் அமுக்குவான் பேய் என்பார்கள். காலேஜ் ஹாஸ்டலில் எனக்கே இரண்டு மூன்று தரம் வந்திருக்கிறது.

இது அதே பூட்டின் இன்னொரு கோளாறு. மூளை முழித்துவிட்டது, பூட்டு இன்னும் திறக்கவில்லை. கனவின் மிச்சம் முழிப்போடு கலந்துவிடுகிறது. சில விநாடிகளில், அதிகம் போனால் சில நிமிடங்களில் தானே விலகிவிடும். தூக்கம் கெட்ட நாட்களிலும் மல்லாந்து படுக்கும்போதும் அதிகம் வரும். எப்போதாவது வந்தால் பயப்பட ஒன்றுமில்லை.

பூட்டு திறக்காவிட்டால் அமுக்குவான். பூட்டே விழாவிட்டால்? அதுதான் அப்பாவுக்கு.

மினியாபோலிஸ் டாக்டர்கள்

தூக்கத்தில் நடப்பது வேறு, இது வேறு. தூக்கத்தில் நடப்பவர்கள் பெரும்பாலும் கனவில்லாத ஆழ்ந்த உறக்கத்தில் இருப்பார்கள், ராத்திரியின் முதல் பாதியில் எழுவார்கள், கண் திறந்திருக்கும், எழுப்பினால் திருதிருவென்று விழிப்பார்கள். அப்பா எல்லாவற்றிலும் நேரெதிர்: கண் மூடியிருக்கும், விடிகாலையில் வரும், எழுப்பினால் உடனே தெளிவு, கனவும் ஞாபகம் இருக்கும். இப்படிப்பட்ட ஆளை செர்வான்டிஸ் 1605-லேயே எழுதிவிட்டார். டான் கிஹோட்டே கண்ணை மூடிக்கொண்டே, கனவில் அரக்கனோடு சண்டை போடுவதாக நினைத்துச் சத்திரத்திலிருந்த ஒயின் தோல்பைகளை வாளால் வெட்டித் தள்ளுகிற காட்சி அது.

மருத்துவத்தில் இதைத் தனி நோயாக அறிவிக்க 1986 வரை ஆனது. அமெரிக்காவின் மினியாபோலிஸில் கார்லோஸ் ஷெங்க், மார்க் மஹோவால்ட் என்ற டாக்டர்களிடம் ஒரு 67 வயதுக்காரர் வந்தார். கனவில் ஃபுட்பால் ஆடினார், எதிராளியை இடித்துத் தள்ளப் பாய்ந்தார், முழித்துப் பார்த்தால் அலமாரியில் மோதி நெற்றி கிழிந்திருந்தது. அவரைப் போல ஐந்து பேரைச் சேர்த்து, புதிய நோய் என்று அறிவித்தார்கள். ஐந்து பேரில் நாலு பேர் அறுபத்தேழு வயதைத் தொட்ட அல்லது தாண்டிய ஆண்கள். இதன் பெயர் 'ரெம் உறக்க நடத்தைக் கோளாறு'. பகலில் சாதுவாக இருப்பவர்கள் ராத்திரியில் இப்படி அடிப்பதுதான் இதன் வழக்கம் என்று படித்தபோது, அப்பாவைச் சந்தேகப்பட்ட அந்த ஒரு நாளை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது.

கதை இங்கே முடிந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

ஷெங்க் குழு தங்கள் நோயாளிகளை விடாமல் பின்தொடர்ந்தது. 50 வயதைக் கடந்த 29 ஆண்கள். வேறு எந்த நரம்பு நோயும் இல்லாதவர்கள். 1996-இல் எழுதினார்கள்: 11 பேருக்கு, அதாவது 38 சதவீதம், பார்க்கின்சன் வகை நோய் வந்துவிட்டது. 2013-இல் மறுபடி எழுதினார்கள். தொடர்பில் இருந்த 26 பேரில் 21 பேருக்கு பார்க்கின்சனோ அதைச் சேர்ந்த மறதி நோயோ வந்திருந்தது. 2019-இல் பல நாடுகளின் 24 மையங்கள் சேர்ந்து 1280 பேரைப் பார்த்தன. வருஷத்துக்கு சுமார் 6.3 சதவீதம் பேர் அந்தப் பக்கம் போகிறார்கள். 12 வருஷ முடிவில் சுமார் முக்கால்வாசி.

காரணம் ஏறக்குறைய இதுதான். பார்க்கின்சனில் ஆல்ஃபா சைனுக்ளின் என்ற புரதம் நரம்பணுக்களுக்குள் உருண்டு திரண்டு சேர்கிறது. கை நடுக்கம் வருவது, நடுமூளையில் டோபமைன் சுரக்கும் அணுக்கள் நிறைய அழிந்த பிறகு. ஆனால் பலருக்கு இந்தப் புரதச் சேர்க்கை மூளைத்தண்டின் அடியிலிருந்தும், வாசனை அறியும் பகுதியிலிருந்தும் ஆரம்பித்து மேலே ஏறுகிறது என்று 2003-இல் ஹைகோ பிராக் என்ற ஜெர்மானியரின் குழு வரைபடம் போட்டுக் காட்டியது. கனவுப் பூட்டு அந்த வழியில்தான் இருக்கிறது. அதனால் கை நடுங்குவதற்குப் பல வருஷம் முன்னாலேயே பூட்டு கழன்றுவிடுகிறது.

கனவு எதிர்காலத்தைச் சொல்லுமா என்ற பழைய கேள்விக்கு அறிவியல் "சொல்லாது" என்றுதான் பதில் வைத்திருந்தது. இப்போது ஒரு சின்னத் திருத்தம். கனவில் வந்த நாய்க்கு எந்தப் பலனும் இல்லை. ஆனால் அந்த நாயை உதைக்கக் கால் நிஜமாகவே எழுந்ததற்குப் பலன் இருக்கிறது.

சொல்வதா, வேண்டாமா

அப்பாவை ஒரு நரம்பியல் டாக்டரிடம் கூட்டிப்போனோம். ஒரு ராத்திரி முழுக்கத் தலை, முகவாய், கால் எல்லாம் ஒயர் ஒட்டி, வீடியோ எடுத்துப் பார்த்தார்கள். ரெம் நேரத்தில் நேர்க்கோடாக இருக்க வேண்டிய முகவாய்த் தசைப் பதிவு துள்ளிக்கொண்டிருந்தது. டாக்டர் அப்பாவிடம் காபி வாசனை தெரியுமா என்று கேட்டார். "அது போயி ரொம்ப நாளாச்சுங்க" என்றார் அப்பா. பொடி போட்டுப் போட்டு மூக்கு போச்சு என்றுதான் நாங்கள் கேலி செய்வோம். நடை, கை வீச்சு, கையெழுத்து எல்லாம் நன்றாகவே இருந்தன.

பிறகு என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டு, இந்த எண்களைச் சொன்னார். நோய் வராமல் தடுக்கும் என்று நிரூபிக்கப்பட்ட மருந்து இன்னும் இல்லை என்றார். "அப்பாகிட்ட இப்பவே சொல்லணுமா, நீங்களே யோசிச்சுச் சொல்லுங்க."

நாலு மாதம் சொல்லவில்லை. தடுக்க வழி இல்லாத ஒன்றைச் சொல்லி எதற்கு அவர் தூக்கத்தைக் கெடுப்பது என்பது என் நியாயம். ஆனால் ஊருக்குப் போகும்போதெல்லாம் அவர் டம்ளரைத் தூக்கும் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கவனித்துவிட்டார்.

"அன்னிக்கு டாக்டர் உன்ன மட்டும் கூப்ட்டு என்ன சொன்னாரு?"

சொல்லிவிட்டேன். எண்களோடு சொன்னேன். நாலில் ஒருத்தருக்கு பன்னிரண்டு வருஷம் ஆகியும் ஒன்றும் வரவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "வண்டில பிரேக் போறதுக்கு முன்னாடி ஒரு சத்தம் வரும் தம்பி. சத்தம் கேட்டா டிப்போல எழுதி வெக்கணும். அவன் சரி பண்றானோ இல்லியோ, எழுதி வெக்கிறது நம்ம வேல. எனக்குச் சொல்லாம நீ என்ன வண்டி ஓட்டுற?" என்றார். அதற்கப்புறம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "உங்கம்மா மூஞ்சில இருந்த காயம் நான் பண்ணதா?" அதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

மறுநாள் அவரே கட்டிலைப் பிரித்துப் பரணில் போட்டார். இப்போது தரையில் மெத்தை. பக்கத்தில் கண்ணாடி, டேபிள் ஃபேன் எதுவும் கிடையாது. அம்மாவுக்கு அதே அறையில் தனிப் படுக்கை. ராத்திரி டாக்டர் எழுதிக் கொடுத்த மெலடோனின். சிலருக்கு குளோனாசிபாம் தருவார்கள். அப்பாவுக்கு மெலடோனினிலேயே பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. நிலப் பத்திரம், பென்ஷன் பேப்பர் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டு என்னிடம் கொடுத்துவிட்டார்.

இதைப் படிப்பவர்களுக்கு மூன்று விஷயம். ஒன்று, தூக்கத்தில் எப்போதாவது உளறுவதோ, கால் உதறுவதோ இந்த நோய் இல்லை. மன அழுத்தத்துக்கான சில மாத்திரைகளாலும், தூக்கத்தில் மூச்சு அடைப்பதாலும் இதே மாதிரி அறிகுறி வரும். ராத்திரிப் பரிசோதனை இல்லாமல் முடிவு கட்டாதீர்கள். இரண்டு, ஐம்பது வயதுக்கு மேல் ஒருவர் கனவில் அடிக்கடி அடிக்கிறார், உதைக்கிறார் என்றால், படுக்கையை முதலில் பாதுகாப்பாக்குங்கள், பிறகு நரம்பியல் டாக்டரைப் பாருங்கள். மூன்று, பக்கத்தில் படுத்திருப்பவரிடம் கேளுங்கள். இந்த நோய் அதை உடையவருக்குத் தெரியாது. தெரிந்தவர் கதவில் இடித்துக்கொண்டதாகச் சொல்வார்.

நேற்று ராத்திரி போனில் அம்மாவிடம் கேட்டேன். "முந்தாநேத்து நாய் வந்துச்சாம் கண்ணு. ஆனா படுத்தபடியே வெரட்டிட்டாராம்" என்றாள். பின்னாலிருந்து அப்பா சிரிக்கும் சத்தம் கேட்டது.